வைக்கோல் மாப்பிள்ளைக்கு ஆட்சேபணை இல்லை

தஞ்சாவூர் வட்டாரத்தில் ஒருவன் கல்யாணம் செய்துகொள்ள வேண்டுமென்றால் பெண் சம்மதிக்க வேண்டும், பெண்ணின் அப்பா சம்மதிக்க வேண்டும், அப்பாவின் பங்காளிகள் சம்மதிக்க வேண்டும். அதையே மேடையில் செய்துகாட்ட வேண்டுமென்றால் கூடுதலாகக் கலைநிகழ்ச்சி முன்னாய்வு மன்றமும் சம்மதிக்க வேண்டும். பங்காளிகளையாவது முதல் பந்தியில் உட்காரவைத்துச் சமாதானப்படுத்தலாம். மன்றம் எந்தப் பந்தியிலும் உட்காராது. எதிரே மேசை போட்டுத்தான் உட்காரும்.

மன்றத்தின் வேலை கேட்பதற்கு எளிமையானது. நாடகத்தின் ஒவ்வொரு காட்சியையும் நடிக்கச் சொல்லிப் பார்த்து, அது கற்பனையா நிஜமா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். இதற்காகத் தலைவரின் மேசையில் இரண்டு பலகைகள் உண்டு. கோயில் திருவிழாவுக்குப் போர்டு எழுதுகிறவர் எழுதியவை. ‘கற்பனை’ பச்சையில், ‘நிஜம்’ சிவப்பில். காட்சி முடிந்ததும் தலைவர் ஒன்றைத் தூக்கிக் காட்டுவார். தூக்கிய பலகையை மாற்றக் கூடாது என்பது விதி. முன்பு உறுப்பினர்கள் மாற்றி மாற்றித் தூக்கியதில் ஒரு நாடகத்தின் வில்லன் பாதி கற்பனையாகவும் பாதி நிஜமாகவும் ஆகிவிட, நிஜப் பாதியைத் தேடிப் போலீஸ் வந்துவிட்டது. அதன் பிறகு தலைவரே போட்ட விதி அது.

காதல் விஷயத்தில் மன்றத்தின் கொள்கை தெளிவானது. காதல் கற்பனையில் வந்தால் கலை. நிஜத்தில் வந்தால் சட்டம் ஒழுங்கு.

பரிதிக்கு இந்தக் கொள்கையில் முழு உடன்பாடு. சில வருடங்களாக அவன் அதன்படிதான் வாழ்ந்துகொண்டிருந்தான்.

ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் ஒரு கால்நடை மருந்தகத்தில் அவன் ஆய்வாளர். அவனுடைய அப்பாவும் அம்மாவும் பிறத்தியார் வயலில் நடவு நட்டு, களையெடுத்து, இப்போது கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறவர்கள். அவன் காதலித்த விஜயலட்சுமி திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் காவிரிப் பாசனத்தில் நன்செய் வைத்திருக்கிற குடும்பத்துப் பெண்; ஒரத்தநாட்டில் உதவி வேளாண்மை அலுவலர். அவள் அரும்பாடுபட்டு விட்டிருந்த மாதிரி நாற்றங்காலை ஒரு பசு மேய்ந்துவிட்டது. பசுமேல் புகார் சொல்ல அவள் வந்தாள். பசுவுக்கு வயிறு உப்பியதென்று அவன் போனான். பசு பிழைத்தது. இவர்கள் பிழைப்பார்களா என்பதுதான் அதற்குப் பிறகு கேள்வி. பக்கத்து ஊரில் இப்படி ஓடிப்போன ஜோடி ஒன்று, சமாதானம் பேசலாம் வாங்க என்று கூப்பிட்டதை நம்பித் திரும்பி வந்தது. இருவராகப் போனவர்களில் இப்போது ஒருவர்தான் இருக்கிறார்.

விஜயலட்சுமிக்குக் குவைத் மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் நிச்சயம். நிச்சயத்தோடு வேலையை விட்டுவிட வேண்டும் என்பதும் ஏற்பாட்டில் அடக்கம். நிஜத்தில் வாய் திறக்கத் துணியாத பரிதி, ஆடிப்பெருக்கு விழாவுக்கென்று ஒரு நாடகம் எழுதினான். பெயர் ‘வைக்கோல் மாப்பிள்ளை’. வயலில் குருவி விரட்ட நட்டுவைத்த வைக்கோல் பொம்மைமேல் ஒரு பெண்ணுக்குக் காதல் வருகிறது. பகலில் அது பொம்மை, இருட்டினால் பேசுகிறது. ஊர் கண்டுபிடித்துப் பொம்மையைக் கொளுத்துகிறது. சாம்பலிலிருந்து ஒரு மனிதன் எழுந்து வந்து அவளைக் கல்யாணம் செய்துகொள்கிறான். பொம்மையாக அவன், பெண்ணாக அவள். இருவரும் பலபேர் பார்க்க ஒன்றாக நிற்கப்போகிற முதல் இடம் அந்த மேடை. கடைசி இடமும் அதுதான் என்று அவன் நினைத்திருந்தான்.

மன்றத் தலைவர் தங்கையன் விஜயலட்சுமிக்குப் பெரியப்பா. ஓய்வுபெற்ற தாசில்தார். குடும்பத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. ‘பண்பாட்டுக் காவலர்’ என்று தம் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்வார். யார் கொடுத்த பட்டம் என்று கேட்க இன்னும் ஒருவரும் துணியவில்லை. தம்பி மகள் நடிப்பதில் அவருக்குப் பெருமைதான். கூட நடிப்பது ஆண் என்றால் யோசித்திருப்பார். வைக்கோல் என்பதால் யோசிக்கவில்லை.

முதல் அமர்விலேயே பெயர்கள் சிக்கின.

“பொன்னின்னு வெச்சிருக்கீங்களே, யாரு அது?” என்றார் தலைவர்.

“கதாநாயகிங்க ஐயா,” என்றான் பரிதி.

“பொன்னி ஆறு தம்பி. ரெண்டு மாநிலத்து வழக்கு. கோர்ட்டுல நிக்கிற பேரை வயல்ல நிக்கவெச்சுக் காதலிக்க விடலாமா?”

“அரிசிக்கும் அந்தப் பேரு இருக்குங்களே ஐயா.”

“அப்ப உணவுத்துறையும் வருது. ஜலீல், குறிச்சுக்குங்க.”

செயலாளர் அப்துல் ஜலீல் குறித்துக்கொண்டார். முப்பது வருடம் பல ஆபீசுகளில் பலர் சொன்னதைக் குறித்துக் குறித்து, எதற்கும் முகம் மாறாத பக்குவத்தை அடைந்திருந்த மனிதர் அவர்.

பொம்மையின் பெயர் சாமி என்று இருந்தது. உறுப்பினர் ஆனந்தவல்லி அம்மையார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “மண்சட்டியைக் கவுத்துவெச்ச தலைக்குச் சாமின்னு பேரா? நாக்கு அழுகிடும்.”

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். கண்ணைத் திறந்தபோது தீர்ப்பு இருந்தது. “கற்பனையா ஒரு பேரு வெச்சா அந்தப் பேருக்காரன் எவனாவது புண்படுவான். நடிக்கிறவங்க சொந்தப் பேரையே வெச்சுக்குங்க. தன் பேரைக் கேட்டுத் தானே புண்பட்டவன் இந்த டெல்டாவுலயே கிடையாது.”

“வசனத்துலயும் என் பேரைத்தான் சொல்லணுமா பெரியப்பா?” என்றாள் விஜயலட்சுமி.

“மன்றத்துல தலைவர் அவர்களேன்னு கூப்பிடும்மா.”

“சொல்லணுமா, தலைவர் அவர்களே?”

“முழுசா சொல்லணும். இனிஷியலோட.”

அவள் தலையாட்டினாள். ஆட்டிய விதத்தில் ஏதோ இருந்தது. பரிதிக்கு அது அப்போது விளங்கவில்லை. டீ வந்தது. எல்லோருக்கும் டம்ளர், பரிதிக்கு மட்டும் பேப்பர் கப். “சுத்தம் பாரு தம்பி,” என்று தலைவர் விளக்கினார். யாருடைய சுத்தம் என்பதை விளக்கவில்லை.

இரண்டாம் அமர்வில், பொம்மை மனிதனாகும் இடத்தில் வண்டி நின்றது.

“மனுஷனா மாறுதே, அது எந்த ஊரு மனுஷன்?”

“வயல்லதாங்க ஐயா நிக்குது.”

“வயல் யாரு பேர்ல பட்டா? இவன் யாரு மகன்?”

“வைக்கோலுக்கு அப்பா கிடையாதுங்களே ஐயா.”

“அதான் சொல்றேன்!” தலைவர் மேசையைத் தட்டினார். “வைக்கோலா இருக்கிற வரைக்கும் ஒரு கேள்வியும் இல்லை. வைக்கோலுக்கு ஏது சாதி? மனுஷன்னு ஆயிட்டா முதல்ல அதைத்தான் கேப்பாங்க. நான் கேக்க மாட்டேன், எனக்கு அந்தப் பார்வையே கிடையாது. சனங்க கேப்பாங்க. சனங்க சார்பா நான் கேக்கறேன், அவ்வளவுதான்.”

“அப்படின்னா ஐயா…?”

“சாம்பல்லேருந்து எழுந்தாலும் கடைசி வரைக்கும் வைக்கோலாவே இருக்கட்டும். மூஞ்சியையும் மூடிடுங்க. நம்ம வீட்டுப் பொண்ணு வைக்கோலைக் கட்டிக்கிட்டா மன்றத்துக்கு ஆட்சேபணை இல்லை.”

பச்சைப் பலகை உயர்ந்தது.

பிறகு, அதற்கு முன்னால் வருகிற, பொம்மையைக் கொளுத்தும் காட்சியை நடித்துக் காட்டினார்கள். ஊரார் பந்தத்தோடு வருகிறார்கள். பெண் காலில் விழுந்து கெஞ்சுகிறாள். அவளைத் தள்ளிவிட்டுப் பொம்மைக்குத் தீ வைக்கிறார்கள். பரிதி இந்தக் காட்சிக்குத்தான் பயந்திருந்தான். ராத்திரி தூக்கமில்லாமல் விளக்கங்களெல்லாம் தயாரித்து வைத்திருந்தான். மன்றம் ஒரு திருத்தமும் சொல்லவில்லை.

“ரொம்ப இயல்பா வந்திருக்கு,” என்றார் ஆனந்தவல்லி அம்மையார்.

“பந்தம் பிடிக்கிற கை இன்னும் கொஞ்சம் உயரலாம்,” என்றார் தலைவர். அவ்வளவுதான்.

படியிறங்கும்போது, கீபோர்டு வாசிக்கிற நண்பன் இளஞ்செழியன் பரிதியின் காதருகே வந்தான். “மாப்ள, பொம்மை பேசினதுக்கு அத்தனை கேள்வி. கொளுத்தினதுக்கு ஒண்ணுகூட இல்லடா.”

பரிதி படியைப் பார்த்தே இறங்கினான். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் அமர்வு ஆனி மாதக் கடைசி முகூர்த்த நாளில் வந்தது. தற்செயலாக அல்ல. மிஞ்சியிருந்தது கல்யாணக் காட்சி. “அடுத்தது ஆடி. ஆடியில மேடையில கல்யாணத்தைப் பார்த்தாக்கூட மன்றத்துக்கு ஆகாது. முகூர்த்தத்துக்குள்ள முடிச்சிடுங்க,” என்று தலைவர் நாள் குறித்திருந்தார். ஆடிப்பெருக்கன்று ஊரே பார்க்கப்போவதும் ஆடியில்தானே என்று யாரும் கேட்கவில்லை. சனங்களுக்கு ஆகாமல் போவதைப் பற்றி விதிகளில் ஒன்றும் இல்லை.

அன்று காலையில் பரிதியின் அம்மா அம்சம் அவன் மார்பிலும் முதுகிலும் வைக்கோலைப் பிரிபிரியாகச் சுற்றிக் கட்டினாள். தலைக்கு வைக்கோலில் பின்னிய கூடு. கண்ணுக்கு ஒரு கீற்று இடைவெளி. கட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தாள்.

“மூஞ்சி தெரியலடா. நல்லதுதான்,” என்றாள். “தெரியாத வரைக்கும் உசுரோட இருக்கலாம்.”

மன்றத்துக் கூடத்தில் மின்விசிறி தலைவருக்கு மேலே மட்டும் சுற்றியது. வைக்கோலுக்குள் பரிதிக்கு உடம்பெல்லாம் அரித்தது. மூக்குக்குள் வைக்கோல் தாள் ஒன்று புகுந்து, வரட்டுமா வேண்டாமா என்று ஒரு தும்மல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. அப்துல் ஜலீல் முக்காலியில் செல்போனைப் பொருத்தி நேரலையைத் தொடங்கினார். வெளிப்படைத்தன்மைக்காக மன்றத்தின் எல்லா அமர்வுகளும் நேரலையில் போகும். வழக்கமாக அதைப் பார்ப்பவர் அவர் மனைவி ரஹ்மத் பீவி ஒருவர்தான். அவரும் கணவர் ஆபீசில்தான் இருக்கிறாரா என்று பார்ப்பதற்காக.

காட்சி தொடங்கியது. பெண்ணும் பொம்மையும் வரப்பில் தனியாக நின்று, நெற்கதிரில் தொடுத்த மாலையை மாற்றிக்கொள்ளப் போனார்கள்.

“நிறுத்துங்க,” என்றார் தலைவர். “தாலி எங்கே?”

“தாலி இல்லைங்க ஐயா,” என்றான் பரிதி கூட்டுக்குள்ளிருந்து. “மாலை மாத்தி, பேரைச் சொல்லி, ஏத்துக்கறேன்னு ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லிக்குவாங்க. எங்கப்பா அம்மா கல்யாணமே அப்படித்தாங்க நடந்துச்சு.”

“அது உங்க பக்கத்துல செல்லும் தம்பி. இதையெல்லாம் ஒரு கல்யாணம்னு மன்றம் எப்படி ஒத்துக்கும்?”

அப்துல் ஜலீல் பேனாவை வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். “சார், சட்டப்படி பார்த்தா…”

“சட்டத்தை எனக்குச் சொல்றீங்களா ஜலீல்? நான் சட்டத்தோடதான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேன்.”

ஜலீல் பேனாவை எடுத்துக்கொண்டார்.

“எங்கிட்ட மஞ்சக் கயிறு இருக்கு, தலைவர் அவர்களே,” என்றாள் விஜயலட்சுமி. “பெருக்குக்குத் தாலி மாத்திக் கட்ட அம்மா வாங்கிவரச் சொன்னாங்க. பையில இருக்கு.”

“எடும்மா. பொண்ணுன்னா இப்படி இருக்கணும்.”

“வெறுங்கயிறு ஆகாது,” என்றார் ஆனந்தவல்லி அம்மையார். “மஞ்சக் கிழங்காவது கோக்கணும்.”

இளஞ்செழியன் கீழே மளிகைக் கடைக்கு ஓடினான். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டுக்கு முகூர்த்தம் முடிகிறது. சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தார். அரசாங்கக் கடிகாரம் என்பதால் அதை நம்பாமல் மறுபடி கையைப் பார்த்தார். “எவ்வளவு நேரம்யா ஒரு மஞ்சளுக்கு? வாசல்ல போயிக் கூப்பிடுங்க!” பெண்ணைப் பெற்றவர்கூட அப்படிப் பதறியிருக்க மாட்டார்.

மஞ்சளோடு அட்சதைக்கு அரிசியும் வந்தது. அதற்குள் மன்றம் அடுத்த குறையைக் கண்டுபிடித்திருந்தது. கல்யாணத்தில் பெரியவர்களே இல்லை.

“ஓடிப்போன கல்யாணம் மாதிரில்ல இருக்கு? தப்பான முன்னுதாரணம். பொண்ணு வீட்டுப் பெரியவங்க ஒருத்தர் முன்ன நின்னு தாலியை எடுத்துக் குடுக்கணும்.”

“எங்க குழுவுல வயசானவங்க யாரும் இல்லைங்க ஐயா,” என்றான் பரிதி.

எல்லோருடைய கண்களும் ஒரே இடத்துக்குப் போயின. தலைவர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தபடி எழுந்தார். “பண்பாட்டுக்காக ஒரு சிரமம் படறதுல தப்பில்லை.”

“மூணாவது முடிச்சு மாப்பிள்ளைக்கு அக்கா தங்கச்சி போடணுமே,” என்றார் ஆனந்தவல்லி அம்மையார். பிறகு, யாரும் கேட்பதற்கு முன்பே, “சரி விடுங்க, வைக்கோலுக்கு நான் அக்கா,” என்று அவரும் எழுந்தார்.

அவள் அன்று தலையாட்டிய விதம் பரிதிக்கு அப்போதுதான் விளங்கியது. கீற்று வழியாக அவனுக்கு விஜயலட்சுமியின் முகம் மட்டும் தெரிந்தது. அவள் நடிக்கவில்லை. நாற்றங்காலை மேய்ந்த பசுவைப் பற்றிப் புகார் கொடுக்க வந்தபோது இருந்த முகம் அது.

மாலை மாற்றினார்கள். மாலையைப் போடும் சாக்கில் அவள் கூட்டின் ஓரமாகக் குனிந்தாள்.

“பரிதி. இனிமே இது நாடகம் இல்ல. எனக்குச் சம்மதம். உனக்கும் சம்மதம்னா வசனத்தைச் சொல்லு. வேண்டாம்னா தும்மிடு, நான் காட்சியை நிறுத்திடறேன். கோவிச்சுக்க மாட்டேன்.”

காலையிலிருந்து வாசலில் நின்ற தும்மல் அந்த நேரம் பார்த்து உள்ளே காலெடுத்து வைத்தது.

பரிதி மூச்சைப் பிடித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. பக்கத்து ஊர் ஜோடி ஞாபகம் வந்தது. பந்தம் பிடித்த கை இன்னும் கொஞ்சம் உயரலாம் என்ற குரல் ஞாபகம் வந்தது. தெரியாத வரைக்கும் உசுரோட இருக்கலாம் என்ற அம்மாவின் முகம் வந்தது. தும்மினால் எல்லாம் முடிந்துவிடும். அவள் குவைத்துக்குப் போவாள். அவன் மாட்டுக்கு ஊசி போடுவான். யாரும் சாக மாட்டார்கள்.

“வசனம் மறந்துட்டுதா?” என்றார் தலைவர். “முகூர்த்தம் போகுதுய்யா!”

“ப… பரிதி ஆகிய நான்,” என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு, “தி. விஜயலட்சுமியை என் மனைவியா முழுமனசோட ஏத்துக்கறேன்.”

“சத்தமா!”

சத்தமாகச் சொன்னான். அவளும் சொன்னாள், இனிஷியலோடு. தலைவர் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றி வைக்கோல் கையில் கொடுத்தார். இளஞ்செழியனின் கீபோர்டில் கெட்டிமேளம் கொட்டியது. பரிதி முதல் முடிச்சைப் போட்டான். இரண்டாவதையும் போட்டான். மூன்றாவதை ஆனந்தவல்லி அம்மையார் இழுத்து முடிந்தார். அட்சதை விழுந்தது.

பரிதி தும்மினான். வைக்கோல் கூடம் முழுக்கப் பறந்தது.

“அபசகுனம்!” என்றார் தலைவர்.

“மூணு முடிச்சுக்கு அப்புறம் தும்மினா தோஷம் இல்லீங்க,” என்றார் ஆனந்தவல்லி அம்மையார்.

தலைவர் திருப்தியோடு நாற்காலிக்குத் திரும்பிப் பலகைகளைப் பார்த்தார். கை பச்சைப் பலகைக்குப் போய், நின்றது.

“இதைக் கற்பனைன்னு தூக்க எனக்கு மனசு வரலை,” என்றார் கேமராவைப் பார்த்து. “தாலின்னு வந்தப்புறம் கற்பனை ஏது? மேடையா இருந்தா என்ன, மணவறையா இருந்தா என்ன? நல்ல முகூர்த்தம், பெரியவங்க ஆசி, மூணு முடிச்சு. இதுக்கு மேல ஒரு கல்யாணத்துக்கு என்ன வேணும்?”

சிவப்புப் பலகை உயர்ந்தது. நிஜம்.

விஜயலட்சுமி பரிதியின் தலையிலிருந்து வைக்கோல் கூட்டைக் கழற்றிக் கீழே வைத்தாள். அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்த் தலைவரின் காலில் விழுந்தாள்.

“காட்சி முடிஞ்சுதும்மா. எழுந்திரு.”

“காட்சிக்காக விழலை, பெரியப்பா.”

தலைவர் அவளைப் பார்த்தார். வேர்த்து விறுவிறுத்து, முகமெல்லாம் வைக்கோல் தூசியோடு நின்ற பரிதியைப் பார்த்தார். அதுவரை அந்தக் கூட்டுக்குள் ஓர் ஆள் இருந்தது அவருக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. தெரிந்துகொள்ள அவசியம் இருந்ததில்லை.

“ஜலீல்,” என்றார். “இது என்னய்யா?”

“சட்டத்தைச் சொல்லவா வேண்டாமா சார்?”

“சொல்லித் தொலை.”

“ரெண்டு பேரும் மேஜர். நாலு பேரு முன்னால, புரியற பாஷையில, சொந்தப் பேரைச் சொல்லி ஏத்துக்கிட்டாங்க. மாலை மாத்தினாங்க. நம்ம மாநிலத்துல அது போதும் சார். தாலி, முகூர்த்தம், அட்சதையெல்லாம் நீங்க கூடுதலா செஞ்சு குடுத்தது.”

“பலகையை மாத்தறேன். கற்பனை!”

“தூக்கினதை மாத்தக் கூடாதுன்னு விதி சார்.”

“எந்த மடையன் போட்ட விதி?”

அதை மட்டும் ஜலீல் குறித்துக்கொள்ளவில்லை. பக்குவமான மனிதர்.

அப்போது தலைவரின் போன் அடித்தது. திரையில் ‘தம்பி’ என்று வந்தது. விஜயலட்சுமியின் அப்பா. காது மந்தம் என்பதால் தலைவர் எந்தப் போனையும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். கூடம் முழுக்கக் கேட்டது.

“அண்ணே! லைவ்ல பார்த்தேன். கூட்டைக் கழட்டினாளே, யாருண்ணே அந்தப் பய? இங்க நம்ம பயலுவ வண்டியை எடுத்துட்டானுவ. பெரியப்பாவே தாலி எடுத்துக் குடுத்திருக்காரே, தெரிஞ்சு செஞ்சாரா, இல்ல ஏமாத்திட்டாங்களான்னு கேக்குறானுவ. ஒரு வார்த்தை சொல்லுங்க. ஏமாத்தினாங்கன்னா மீதியைப் பயலுவ பார்த்துக்குவானுவ.”

மீதி என்றால் என்ன என்பது கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பரிதி தன்னை அறியாமல் விஜயலட்சுமிக்கு முன்னால் வந்து நின்றான். அவன் உடம்பில் வைக்கோல் இன்னும் சுற்றியிருந்தது. ஒரு தீக்குச்சி போதும் என்று நினைத்துக்கொண்டான்.

தலைவர் போனை வாயருகே கொண்டுபோய், மறுபடி இறக்கினார்.

“சொல்லுங்க பெரியப்பா,” என்றாள் விஜயலட்சுமி மெதுவாக. “பண்பாட்டுக் காவலர் ஏமாந்துட்டேன்னு சொல்லப்போறீங்களா, செஞ்சு வெச்சேன்னு சொல்லப்போறீங்களா?”

“அண்ணே? லைன்ல இருக்கீங்களா?” என்றது போன்.

தலைவரின் கண் முக்காலிக்குப் போயிற்று. “லைவ் இன்னும் ஓடுதா?”

“ஓடுது சார்,” என்றார் ஜலீல். “யாரோ பகிர்ந்து விட்டுட்டாங்க. எட்டாயிரம் பேர் பார்க்கறாங்க.”

“எத்தனை?”

“எட்டாயிரம் சார்.”

மன்றம் தோன்றிய நாளிலிருந்து அதை மொத்தமாகப் பார்த்தவர்களைக் கூட்டினாலும் அந்தக் கணக்கு வராது. தலைவரின் முதுகு தானாக நிமிர்ந்தது. கை அங்கவஸ்திரத்தை நீவிவிட்டது. ஓர் உயிர் பிழைப்பதற்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. அன்றைக்கு அது ஒரு மனிதர் தம் துண்டைச் சரிசெய்துகொண்டதில் பிழைத்ததைப் பரிதி கண்ணால் பார்த்தான்.

“டேய்!” என்றார் தலைவர் போனில். “யாரைப் பார்த்து ஏமாந்தியான்னு கேக்குறே? இந்தத் தங்கையனை ஏமாத்த ஒருத்தன் பொறந்திருக்கானா? நாளு குறிச்சது யாரு? நான். தாலி எடுத்துக் குடுத்தது யாரு? நான். வண்டியை எடுத்தானுவளா? எடுத்தவனுவளை வாழை இலை வாங்கிட்டு வரச் சொல்லு!”

மறுமுனையிலிருந்து, “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே,” என்ற குரல் உடைந்து வந்தது. கோபமா அழுகையா என்று தெரியவில்லை. போன் அணைந்தது.

தலைவர் கேமராவை நோக்கித் திரும்பினார். “பொதுமக்களே! இப்படி ஒரு கல்யாணத்தை நான் பல வருஷமா மனசுக்குள்ளேயே நடத்திக்கிட்டு இருந்தேன். வெளியே சொல்லலை, விளம்பரம் எனக்குப் பிடிக்காது. எனக்குச் சாதி பார்க்கத் தெரியாது. யாரு யாரு எந்தச் சாதின்னு தெரியும், அது நிர்வாக அனுபவம். ஆனா பார்க்கத் தெரியாது…”

பேச்சு நீண்டது. நடுவில் டீ வந்தது. வழக்கம்போல எல்லோருக்கும் டம்ளர், பரிதிக்குப் பேப்பர் கப். தலைவர் பேச்சை நிறுத்தாமலேயே கையை நீட்டி அந்தக் கப்பைப் பிடுங்கினார். தம் டம்ளரை மாப்பிள்ளையின் கையில் திணித்தார். எட்டாயிரம் பேர் பார்க்க, வாழ்க்கையில் முதல்முறையாகப் பேப்பர் கப்பில் டீ குடித்தார். உதடு சுட்டிருக்க வேண்டும். காட்டிக்கொள்ளவில்லை.

அந்த டம்ளரைப் பிறகு தனியாகக் கழுவச் சொன்னாரா என்பது நேரலையில் வரவில்லை.

அன்று சாயங்காலம் அம்சம் வாசலில் நின்று ஆரத்தி சுற்றினாள். தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தாள். ஒரு வண்டி வந்தது. அதில் நிஜமாகவே வாழை இலைக் கட்டு இருந்தது. கொண்டுவந்த பையன்கள் யார் முகத்தையும் பார்க்காமல் இறக்கிவைத்துவிட்டுப் போனார்கள். விஜயலட்சுமியின் அப்பா வரவில்லை. குத்துவிளக்கு ஒன்றை மட்டும் கொடுத்தனுப்பியிருந்தார், துணியில் சுற்றி.

மறுநாள் இருவரும் ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போனார்கள். சாட்சியாக அப்துல் ஜலீல் வந்து, முதல்முறையாகச் சிரித்தார்.

பெருக்குக்குக் கொஞ்சநாள் முன்னால், நாடகத்தின் கதி என்ன என்று கேட்டுப் பரிதி மன்றத்துக்கு எழுதினான். பெரியப்பா தாலி எடுத்துக் கொடுப்பது உட்பட மன்றம் சொன்ன எல்லாத் திருத்தங்களையும் அப்படியே சேர்த்துவிட்டதாகவும் குறிப்பிட்டிருந்தான். பதில் உடனே வந்தது. அனுமதி மறுக்கப்பட்டிருந்தது. காரணத்தைத் தலைவர் தம் கையாலேயே எழுதியிருந்தார்:

“மாற்றுச் சாதிப் பையனுக்குப் பெண்ணின் பெரியப்பாவே முன்னின்று கல்யாணம் செய்துவைப்பதாக வருவது, நம்பும்படியாக இல்லை.”